கணக்கு டீச்சர் வீட்டுக்காரர்

அன்று காலை அவருடைய மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜுக்குள் முட்டைத் தட்டில் இருந்தது. எடுத்து மாட்டியபோது மூக்குத்தண்டில் ஏறிய சில்லிப்பு, மாலையில் பரிசோதனை அறை வாசலில் மகளோடு உட்கார்ந்திருந்தபோதும் இறங்கவில்லை. மறதி என்றாள் மகள். மறதியாவது மண்ணாங்கட்டியாவது! அந்த முட்டைத் தட்டு அவர் கண்டுபிடித்த இடம். மனைவி உயிரோடு இருந்தபோது, அவளுடைய கண்ணாடியை அவர்தான் அங்கே ஒளித்து வைப்பார்.

அவள் கணக்கு டீச்சர். தெருவில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். இவருக்கும் ஒரு பெயர் உண்டு என்பதே எல்லோருக்கும் மறந்துபோய், எங்கே போனாலும் 'கணக்கு டீச்சர் வீட்டுக்காரர்'தான். அந்தப் புகைச்சலில் ஆரம்பித்த விளையாட்டு. ஒருநாள் கண்ணாடி, ஒருநாள் சாவி, பிறகு அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பைத் தானே பற்றவைத்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, வீட்டைக் கொளுத்தப் பாத்தியா?" என்று ஒரு சத்தம். போகப்போக அவள் தன்னையே நம்பாமல் ஆனாள். இதே மாதிரி ஒரு பரிசோதனைக்கு இவர்தான் கூட்டிக்கொண்டு போனார். பயத்தில் அவளால் ஒரு கடிகாரம்கூட வரைய முடியவில்லை. காப்பகத்தில் சேர்த்தார். வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று பேசாமலே இருந்து, அங்கேயே செத்துப்போனாள்.

இப்போது அவருடைய சாமான்கள் இடம் மாறுகின்றன. இன்றைய முடிவைப் பார்த்துவிட்டுத்தான், அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதா, அதே காப்பகத்தில் விடுவதா என்று மகள் தீர்மானிக்கப் போகிறாள்.

"உள்ள வாங்கய்யா," என்றார் உளவியலாளர். இளவயதுப் பெண், சாந்தமான முகம்.

மகளை வெளியே விட்டுக் கதவு சாத்தியதும் நடைபாதையின் பேச்சுச் சத்தம் அறுந்துபோனது. ஏசி மட்டும் நோயாளி மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருக்க, மூடிய திரைக்குப் பின்னால் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டே போக, வார்னிஷ் வாசனையும் பழைய காகித வாசனையும் கலந்த அந்தக் காற்றுக்குள் இன்னொரு வாசனை மெல்லக் கரைந்து வந்தது. சாக்பீஸ். அவர் சுற்றிப் பார்த்தார். அறையில் கரும்பலகை எதுவும் இல்லை.

"இது பாஸ், ஃபெயில் மாதிரியாம்மா?"

"அப்படியெல்லாம் இல்லைங்கய்யா. நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு பாக்கறோம், அவ்வளவுதான்."

"ஊசி கீசி..."

"பேப்பர், பென்சில்தான்," என்று சிரித்தார்.

"நான் பேசறது வெளியில போகுமா?"

"உங்க சம்மதம் இல்லாம போகாது."

முதலில் எல்லாம் சர்க்கரையாக இறங்கியது. சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தார். தன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. செத்தவளா வந்து கண்ணாடியை எடுத்து வைப்பாள்? பைத்தியக்காரத்தனம்.

"நல்லா செய்யறீங்க. இப்ப ஒரு கடிகாரம் வரைஞ்சு எண்களைப் போடுங்க."

வட்டம் அழகாக விழுந்தது. உச்சியில் பன்னிரண்டு போடப் பென்சிலை வைத்தார். அப்போது அவர் கைமேல் இன்னொரு கை உட்கார்ந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. கனம் தெரிந்தது. காலையில் மூக்கில் ஏறிய அதே சில்லிப்பு. குழந்தைக்கு எழுத்துப் பழக்குவதுபோல, விரல்களை மடித்துப் பிடித்து, நிதானமாக, அது அவர் கையை நகர்த்தியது. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் ஒரே மூலையில். எண்மேல் எண். காதோரம் சாக்பீஸ் தூள் வாசனை.

"பரவாயில்லைங்கய்யா, இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதே மூலை. உளவியலாளரின் முகம் மாறவில்லை. பேனா மட்டும் எதையோ குறித்துக்கொண்டது.

"நான் போடலைம்மா! அவ போடறா!"

"யாருங்கய்யா?"

வியர்த்துக் கொட்டியது. தன் புத்தி தெளிவானது என்று காட்ட அவரிடம் ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி, சாவி, அடுப்பு, எல்லாம். "நான் அவளுக்குச் செஞ்சதை இப்ப எனக்குச் செய்யறாம்மா. மறதி இல்லை. எனக்கு ஒண்ணுமே மறக்கலை!"

உளவியலாளர் குரலைத் தாழ்த்தினார். "துணையை இழந்தவங்க சில சமயம் பழியைத் தன்மேலயே போட்டுக்குவாங்க. நடக்காததுகூட நடந்த மாதிரி தோணும்."

"நம்பலைன்னா என் பொண்ணைக் கூப்பிடுங்க! அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்!"

"உங்க சம்மதத்தோடயா?"

"சம்மதம்! கூப்பிடுங்க!"

நுணலும் தன் வாயால் கெடும். இவர் சம்மதமும் சேர்த்துக் கொடுத்தார்.

மகள் வந்து நின்று முழுவதையும் கேட்டாள். அடுப்பு என்ற இடத்தில் அவள் உதடு வெளுத்தது. அன்று அடுப்படியில் அவளுடைய அம்மா, "நான் அணைச்சேன்டி, சத்தியமா அணைச்சேன்டி," என்று கதறியதும், "பொய் வேற சொல்றியாம்மா?" என்று இவள் சீறியதும் அவருக்கே காதில் கேட்டது. அவள் நம்பிவிட்டாள். அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"இல்லைங்க மேடம்," என்றாள் மகள். "அப்படி எதுவுமே நடக்கலை. அப்பா அம்மாவைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டாரு. கொஞ்ச நாளாவே இப்படித்தான், இல்லாததைப் பேசறாரு."

"அடிப்பாவி..."

அவள் குனிந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அம்மா சத்தியம் பண்ணினாங்கப்பா," என்றாள் காதோடு. "நான் நம்பலை."

இரண்டு பெண்களும் பேசுவதற்கு வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ஏசி நின்றது.

பின்னந்தலையில் விரல்கள். பத்து விரல்கள். குளிர்ந்த, சாக்பீஸ் மாவு படிந்த விரல்கள். மெல்ல முடியை விலக்கின. பேன் பார்ப்பதுபோல. தேடின. நின்றன. எதையோ பிடித்தன.

டக்.

இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே ஏதோ நசுங்கியது. வலிக்கவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடம் ஞாபகத்திலிருந்து காணாமல் போனது.

டக். வீட்டுக்குப் போகும் வழி.

டக். அவரைப் பெற்றவளின் முகம்.

எழ முடியவில்லை. கத்த வேண்டும். யாரைக் கூப்பிட? வெளியே ஒருத்தி இருக்கிறாள். அவருடையவள். அவள் பேர். நாக்கின் நுனியில். சின்னப் பேர். அவர் வைத்த பேர்...

டக்.

கதவு திறந்தது. சிவந்த கண்களோடு ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"போலாமாப்பா?"

அவர் அவளை மரியாதையாகப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

நடிக்கிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஒரு கசப்புச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. அவள் பார்வை அவர் முகத்தைவிட்டு மெதுவாக மேலே ஏறியது. உச்சந்தலையில் போய் நிலைத்தது. அங்கே, காற்றே இல்லாத அறையில், அவருடைய நரைமுடி தானாக விலகி, அடுத்த வகிடு பிரிந்துகொண்டிருந்தது.