வெளிச்சத்தம்

தமக்கையைச் சுடுகாட்டில் வழியனுப்பிவிட்டு வந்தபின், நாவலர் முதன்முறையாக மாடியறைக் கதவைத் திறந்தார்.

தெருவின் ஓசை நுழையாதிருக்கச் சன்னல்களில் அவரே தடித்த கம்பளங்களை அடித்திருந்தார். வெளியே காலை வெயில் காய்ந்தது. அறையோ தனக்கென ஓர் இருளைக் காத்துவைத்திருந்தது. மேசைமேல் விளக்கு. அதற்கெதிரே கேமரா. கேமராவுக்குப் பின்னால் தமக்கையின் நாற்காலி. அவள் ஓயாது மென்ற கிராம்பின் மணம் கம்பளங்களில் ஊறிக் கிடந்தது.

உலகம் அவரை 'ஏடு தொடாதவர்' என்று கொண்டாடியது. பழம்பாடல்களையும் பதிகங்களையும் கையில் தாளின்றி மடை திறந்தாற்போல் சொல்லிப் பொருள் விரிப்பவர். அந்த மடையைத் திறந்துவிட்டவள் யாரென்று உலகுக்குத் தெரியாது. அவர் தடுமாறிய இடத்திலெல்லாம் பின்னாலிருந்த நாற்காலி அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக்கொடுக்கும். வேறொரு நாட்டில் தன் வீட்டிலிருந்தபடியே வேலை செய்யும் எடிட்டர் பெண் அந்தக் குரலை வெட்டி எடுப்பாள். வெட்டிய வடு தெரியாதிருக்க அங்கே விளக்கின் சுடரைக் காட்டுவாள். "அந்தச் சுடரைக் கண்டாலே உள்ளம் அடங்குகிறது" என்று அன்பர்கள் எழுதுவார்கள். ஒவ்வொரு சுடரும் ஒரு மறதி என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவார்கள்?

எடிட்டரை அவர் நேரில் கண்டதில்லை. அறையில் பதிவாகும்போதே அது அப்படியே இணையவழி அவளுடைய கணினிக்குப் போய்ச் சேரும். வேலை தொடங்கிய நாளில் அவர் எழுதியனுப்பிய குறிப்பு இவ்வளவுதான்: "இடையிடையே வெளிச்சத்தம் வரும். நீக்கிவிடவும்."

வெளிச்சத்தம். கூடப்பிறந்தவளுக்கு அவர் வைத்த பெயர்.

எடிட்டர் புரிந்துகொண்டாள், கேள்வி எதுவும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும் தொலைபேசியில் சிரித்தாள். "ஐயா, உங்க வெளிச்சத்தம் இன்னைக்கு உங்களையே அதட்டுது. 'மென்னு முழுங்காதடா, வாயைத் திறந்து சொல்லு'ங்குது! இதையும் எடுக்கணுமா? எனக்கு மனசே வரல."

"எடுத்திடும்மா" என்றார். அன்று அவருக்குக் காது மடல் சுட்டது.

இப்போது அஞ்சலிப் பதிவு. தமக்கையைப் பற்றிச் சில சொற்கள், பின்பு அவளுக்குப் பிடித்த பதிகம். தனியாகச் சொல்லி முடிப்போமா என்று அஞ்சினார். இன்று தடுமாறினால் ஏடு தொடாதவர் என்ற பேர் அவளோடேயே போய்விடும். விளக்கை ஏற்றினார். கேமராவின் சிவப்புப் புள்ளி விழித்தது.

"என் அக்காவுக்குப் பாட்டு ஒண்ணும் தெரியாது" என்று தொடங்கினார். "ஆனா நான் சொல்லும்போது பக்கத்துல உக்காந்து கேப்பா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்."

பிறகு பதிகம் வந்தது. தங்குதடையின்றி, ஓர் அசையும் பிசகாமல், யாரோ நாவில் எடுத்து வைத்தாற்போல் வந்தது. முடித்தபோது அவர் உடல் சிலிர்த்திருந்தது. அவள் இல்லாமலும் முடிகிறதே! அந்த மகிழ்ச்சியை அவர் அடக்க முயலவில்லை.

மறுநாள் முற்பகலில் எடிட்டர் அழைத்தாள். தாழ்ந்த குரல். "குழந்தை இப்பதான் கண்ணசந்திருக்கு, அதான் மெல்லப் பேசுறேன். ஐயா, வெளிச்சத்தத்தை வழக்கம்போல எடுத்திடட்டுமா?"

"இதுல ஏதும்மா வெளிச்சத்தம்?"

"அதான்... அந்த அம்மா குரல்."

"அவங்க தவறிட்டாங்கம்மா. அவங்களுக்குத்தானே இந்த அஞ்சலியே."



"ஐயா, நான் பேச்சை இன்னும் முழுசா கேக்கல. அந்தக் குரலைத்தான் முதல்ல தேடுவேன். இது... பழைய பதிவா?"

"நேத்து காலையில எடுத்தது."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். சிறிது நேரத்தில் ஒலிக்கோப்பு ஒன்று வந்து சேர்ந்தது. கீழறையில், கணினியின் முன் அமர்ந்து நாவலர் அதைக் காதில் மாட்டிக்கொண்டார்.

நேரே பதிகத்துக்குப் போனார். முதலடி. அவர் குரலுக்கு ஓர் இமைப்பொழுது முன்னால் மற்றொரு குரல்.

இரண்டாமடி. அதற்கும் முன்னால் அதே குரல்.

மறந்த இடங்களில் மட்டுமன்று. எல்லா அடியிலும், எல்லாச் சீரிலும் அவள் முன்னே நடக்க, அவர் குரல் அவளுடைய அடிச்சுவட்டில் கால் வைத்து வந்தது.

கோப்பைத் தொடக்கத்துக்கு இழுத்தார்.

"அக்காவுக்குப் பாட்டு ஒண்ணும் தெரியாது..."

அதுவும் அவள் குரல்தான்.

சினமில்லை. அழுகையில்லை. தம்பி மறந்த அடியை எடுத்துக்கொடுக்கும் அதே பரிவோடு, அந்தப் பொய்யையும் அவள் எடுத்துக்கொடுத்தாள். பின்னாலேயே அவர் குரல் அதை வாங்கிச் சொன்னது.

நாவலர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். தனித்திருந்தும் யாரோ பார்ப்பதுபோல் உடல் குறுகியது. நெடுநேரம் கழித்துத் தொலைபேசியை எடுத்தபோது அவர் வாயில் வந்தது பழைய சொல்லே.

"எடுத்திடும்மா. எல்லாத்தையும் எடுத்திடு."

"ஐயா..."

"வெளிச்சத்தம்தானே? எடுத்திடு."

பிற்பகலில் வெட்டிய பதிவு வந்தது. விளக்கெதிரே அவர் அமர்ந்திருந்தார். வாய் அசைந்தது, கை உயர்ந்தது, கண்கள் கனிந்தன. ஒலியில்லை. கரையில் இட்ட மீன்போல அந்த வாய் திறந்து திறந்து மூடிற்று.

"நானும் என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன் ஐயா" என்றாள் எடிட்டர். "அவங்க குரலை எடுத்தா உங்க குரலும் கூடவே போயிடுது. பிரிக்கவே முடியல." சற்றுத் தயங்கினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு வார்த்தை அவங்க பேரைச் சொல்லிடுங்களேன். நான் வெட்டினதெல்லாம் என் கையில உறுத்துது."

அவர் படியேறி விளக்கை ஏற்றினார். சிவப்புப் புள்ளி மீண்டும் விழித்தது.

"இத்தனை காலமும் எனக்கு ஒவ்வொரு அடியையும் எடுத்துக்கொடுத்தது..."

நின்றுவிட்டார்.

எஞ்சியது ஒரே சொல். பிள்ளைப் பருவத்தில் அவர் நாவில் பழகிய சொல். பதிகம் பதிகமாய் ஒப்பித்த நா அதன்முன் கல்லாய்க் கிடந்தது. வழக்கம்போல அவர் செவி தானாகவே நாற்காலியின் பக்கம் சாய்ந்தது. அவள் எடுத்துக்கொடுப்பாள் என்று காத்திருந்தார்.

எதுவும் கேட்கவில்லை.

கிராம்பின் மணம் மட்டும் மிகுந்து, அப்போதுதான் மென்றதுபோல் கண்ணைக் கரித்தது.

அவரால் முடியவில்லை. கேமராவை அணைத்தார், மின்கலத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு இறங்கினார்.

கீழே தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, வாக்கியத்தை முடிக்கலையே?"

"அவ... குரல் ஏதாவது கேக்குதாம்மா?"

"குரல் இல்ல. மூச்சு." எடிட்டரின் குரல் மங்கியது. "அடியை எடுத்துக்கொடுக்கறதுக்கு முன்னால அவங்க இழுத்துப் பிடிப்பாங்களே, அந்த மூச்சு. எனக்கு நல்லாப் பழக்கம், அந்த இடத்துலதானே எப்பவும் வெட்டுவேன். இழுத்தாங்க ஐயா. இன்னும் விடல."

"இன்னுமா? நான்தான் நிறுத்திட்டு இறங்கி வந்துட்டேனே."

"எங்க நிறுத்தினீங்க? இங்க வந்துட்டே இருக்கு. விளக்குத் தெரியுது. உங்க இடம் காலியாத்தான் இருக்கு."

நாவலர் தம் உள்ளங்கையைப் பார்த்தார். கேமராவின் மின்கலம் அங்கே சூடு ஆறாமல் இருந்தது.