ஒயினில் கழுவிய தாடை

ஊரே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு மதியத் தூக்கம் போடும் நேரத்தில், சமையலறையில் நின்ற ஸ்டமாதாவின் மூக்கில் ஒயின் வாசனை ஏறியது. போன வசந்தத்தில், ஊர் வழக்கப்படி, புதைத்துச் சில வருடமான அப்பாவின் கல்லறைக் குழியைத் திறந்து, எலும்புகளைச் சிவப்பு ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்தார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் ஒயின் புட்டியைத் தொட்டதில்லை.

ஸ்டமாதா தன் அம்மா எவான்தியா வாய் கழுவ மருந்துத் தண்ணீர் கலந்துகொண்டிருந்தாள். பல் பிடுங்கிய இடத்தில் ஈறு மூடவே இல்லை; கீழ்த்தாடை எலும்பு மஞ்சளாக வெளியே தெரிந்தது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போட்ட ஊசியின் வேலை அது. ஊசி போட்டிருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடையே செத்துப்போகலாமாம். "தினமும் கழுவுங்க. செத்த எலும்பு பிரியட்டும், எடுத்துட்டுத் தைச்சிடலாம்" என்றார் பட்டணத்து டாக்டர்.

பல்லைப் பிடுங்கும் முன் பல் டாக்டர் கேட்கத்தான் கேட்டார், அம்மா ஏதாவது மருந்து எடுக்கிறாளா என்று. "ஒண்ணுமில்லை" என்றவள் ஸ்டமாதாதான். மருந்து என்றால் தினமும் விழுங்கும் மாத்திரை என்றுதான் அவள் நினைத்தாள்; அம்மா அப்படி எதுவும் விழுங்குவதில்லை. ஊசி நினைவுக்கே வரவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த அம்மாவுக்கு இது கேட்கவில்லை.

"அந்தப் படுபாவி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடி?" என்று அம்மா தெருவெல்லாம் பல் டாக்டரைச் சபித்தாள். ஸ்டமாதா பக்கத்தில் நின்று, "ஆமாம்மா" என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் நெஞ்சை அது அரித்தே தின்றது. என்றைக்காவது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால்?

கிணுக்.

பீங்கானில் ஏதோ தட்டும் சத்தம். அம்மாவின் அறையிலிருந்து.

"அம்மா, தூங்கலையா?"

மருந்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். நடையில் போகப் போக வாசனை அடர்த்தியானது. ஒயினுக்கு அடியில் ஈரமண் நாற்றம். அன்றைக்கு அப்பாவின் குழியிலிருந்து எழுந்த அதே நாற்றம்.

கிணுக். கிணுக்.

கதவைத் தள்ளினாள்.

கட்டிலருகே முக்காலியில் நீலக் கிண்ணம். அப்பாவைக் கழுவிய கிண்ணம். விளிம்புவரை ஒயின். பக்கத்தில் வெள்ளைத் துணி. அதன்மேல், சுத்தமாகக் கழுவி, ஒரு முழுக் கீழ்த்தாடை. வரிசையாகப் பற்கள். ஓரிடத்தில் மட்டும் பள்ளம்.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஸ்டமாதா." மாதக் கணக்கில் குழறிக்கொண்டிருந்த குரல் இப்போது தெளிவாக இருந்தது. "அந்த டாக்டர் கேட்டாரேடி. நீ என்ன சொன்ன?"

ஸ்டமாதா கதவுப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினாள்.

"பயப்படாத. கழுவியாச்சு. இனிமே எனக்கு வலிக்காது. நீ சொல்லு."

அம்மா மெல்லத் திரும்பினாள். மோவாய்க்குக் கீழே எப்போதும் இறுக்கி முடியும் கறுப்புத் தலைத்துணியின் முடிச்சு, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல், நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.