மூச்சு வாங்கிய இடங்கள்

காபி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு ஜெயலக்ஷ்மி இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். ஆராவமுதன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் ஒரு வாய் குடித்தான்.

"ரமா, சர்க்கரை போறலைன்னு சொல்லு."

சொல்லப்பட வேண்டியவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். இருந்தாலும், கூடத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த அவன் தங்கை ரமா, "மன்னி, சர்க்கரை..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு வருஷமாக அந்த மல்லேஸ்வரம் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு இப்படித்தான் ரமாவைச் சுற்றிக்கொண்டு போய் வந்தது.

"இன்னிக்கு மட்டுந்தான்டா ரமா சொல்லுவா" என்றாள் மாமியார், அடுக்களை வாசலில் காய் நறுக்கியபடியே. "திங்கட்கிழமை அவ கோலார்ல போய் வேலையில சேர்ந்துடுவா. அப்புறம் இவகிட்ட யார் பேசறது? சுவரா? அதான் சேலத்துக்கு எழுதிப் போட்டேன். நாளைக்குக் காலம்பற வண்டி. இவ அண்ணன்காரன் ஸ்டேஷனுக்கு வருவான். ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு. ஸாகு, போதும்."

ஆராவமுதன் வேண்டாம் என்று சொல்வானோ என்று ஜெயலக்ஷ்மி டம்ளர் காலியாகும் வரைக்கும் நின்று பார்த்தாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு வீடு இல்லை. அண்ணன் வீட்டில் போய் நின்றால், என்ன தப்புப் பண்ணினாய் என்று முதலில் அண்ணி கேட்பாள். தப்பு என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு?

கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ரமா பிறந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வயது இருபது. ஆராவமுதன் அம்மாவோடு சண்டை போட்டு அவளை ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தான். அங்கே பாட்டு டீச்சர் டோரதி, கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண். தமிழ் பேச வரும், எழுத்து வராது. ரமா ரகசியமாகக் கவிதை எழுதுகிறாள் என்று தெரிந்ததும், "படிச்சுக் காட்டும்மா" என்று கேட்டு, இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழைக் குறித்துக்கொண்டு, பியானோவுக்கு மெட்டுப் போட்டாள். ஒரு பிரதியை ரமாவிடமும் கொடுத்தாள்.

எல்லாம் செத்துப்போன புருஷனைப் பற்றிய பாட்டுகள். ஆனால் ஒரு வரியில்கூட அவன் செத்துப்போகவில்லை. வருவான், நனைந்திருப்பான், பக்கத்தில் உட்காருவான்.

"மன்னி, இதை ஒங்க பொட்டியில வெச்சுக்கோங்கோ. என் பொட்டியை அம்மா தினம் கிளறறா" என்று ரமா கெஞ்சினாள். ஜெயலக்ஷ்மி அதைக் கூறைப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

மார்கழியில் ஒரு நாள் மாமியார் கூறைப்புடவையை வெயிலில் போட எடுத்தபோது அந்தத் தாள்கள் கீழே விழுந்தன. யார் கையெழுத்து என்று தெரியாத இங்கிலீஷ் எழுத்து. ஆராவமுதன் எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி, அம்மா கேட்கப் படித்தான்.

*மழை நின்ற பின்னும் வாசலில் நிற்கிறேன்.*
*குளிர்ந்த என் பாதங்களை*
*உன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாயே,*
*அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.*

படித்து முடித்ததும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"நான் ஒரு நாளும் இப்படிப் பண்ணினதில்லையே" என்றான் மெதுவாக. "யார் இது?"

ஜெயலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள். மாமியாருக்குப் பின்னால் ரமா மூச்சுத் திணறிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். தாலியறுத்த பெண் இப்படி எழுதினாள் என்று தெரிந்தால் மறுநாளே படிப்பு நிற்கும். ஸ்ரீரங்கத்து அத்தை வீட்டில் கொண்டுபோய் அடைத்துவிடுவேன் என்று மாமியார் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி. யாரை நினைத்து என்று கேட்டதற்கு மட்டும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இல்லாத ஒருவனை எங்கிருந்து கொண்டுவருவது?

அன்று நின்றது பேச்சு. ரமா பல தடவை உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதாள். "படிப்பு முடியட்டும். கையில வேலைக் காகிதம் வரட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாதே" என்று ஜெயலக்ஷ்மிதான் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வேலைக் காகிதம் வந்து நாலு நாள் ஆகிவிட்டது. ரமா அண்ணன் எதிரில் போய் நிற்பாள், திரும்பி வந்துவிடுவாள்.

சேலம் வண்டிக்கு முதல் நாளான அன்று மத்தியானம் பயிற்சிப் பள்ளியில் பிரிவு விழா. வீட்டுப் பெரியவர்களுக்கு அழைப்பு வந்திருந்தது.

"மன்னியும் வரணும்" என்றாள் ரமா.

"அவ எதுக்கு? பொட்டி கட்டட்டும்" என்றாள் மாமியார்.

"மன்னி வராட்டா நான் போகலை."

ரமா பிடிவாதம் பிடித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆராவமுதன் குடையை எடுத்துக்கொண்டு, "வரச் சொல்லு" என்றான்.

பள்ளிக்கூடத்து ஹாலில் ஜெயலக்ஷ்மி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவில் ரமா, அந்தப் பக்கம் ஆராவமுதன். பிரார்த்தனை, பரிசு எல்லாம் முடிந்த பிறகு டோரதி பியானோ முன்னால் வந்து நின்றாள். பூப்போட்ட கவுன், மூக்குக் கண்ணாடி.

"இந்தப் பாட்டை எழுதினவங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர்" என்று சிரித்தாள். "எனக்குத் தமிழ் படிக்க வராது பாருங்க. அவங்க வாயாலயே படிச்சாங்க, நான் எழுதிக்கிட்டேன். படிக்கிறப்போ அவங்க எங்கெங்க மூச்சு வாங்கினாங்களோ, அங்கெல்லாம் பாட்டும் நிக்கும். அதைச் சரி பண்ணலாம்னு பார்த்தேன். மனசு வரல. அந்த நிக்கிற எடம்தான் பாட்டே."

ஒரு மாணவி பாட எழுந்தாள். பியானோவின் தாழ்ந்த சுரங்கள் மழைச்சொட்டு மாதிரி விழுந்தன.

"மழை நின்ற..." குரல் நின்றது. பியானோ மட்டும் இரண்டு சொட்டு. "பின்னும் வாசலில்..." மறுபடி நின்றது. "நிற்கிறேன்."

முதல் வரியிலேயே ஆராவமுதன் நிமிர்ந்தான். அதே பாட்டு. அவன் கழுத்து நரம்பு புடைப்பதை ஜெயலக்ஷ்மி பார்த்தாள். ஊரைக் கூட்டி வைத்துத் தன் மானத்தை வாங்குகிறார்கள் என்று நினைக்கிறார், இப்போது எழுந்து போய்விடுவார் என்று பயந்தாள்.

அவன் எழுந்துகொள்ளவில்லை. "குளிர்ந்த என்..." இடைவெளி. "பாதங்களை..." இடைவெளி. இரண்டு சொல்லைத் தாண்ட முடியாத மூச்சு. சின்ன வயதில் பனிக்காலம் முழுக்க இழுப்பு வந்து கிடந்த தங்கைக்கு நெஞ்சில் கற்பூரத் தைலம் தடவி, ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அந்த மூச்சு அவனுக்குத் தெரியாதா?

மெல்லத் திரும்பினான். ரமா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, அதே தாளத்தில் இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"நீயா?" என்றான்.

"என் புருஷனைத்தான் எழுதினேன், அண்ணா..." என்றாள் ரமா. "வேற யாரும் இல்லை. மன்னி மேல ஒரு தப்பும் இல்லை. பொட்டியில வெச்சுக்கோன்னு நான்தான்..."

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. மாமியார் கேட்டுவிட்டு, பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆராவமுதன் பெட்டி பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"போக வேண்டாம்."

ஜெயலக்ஷ்மி புடவை மடிப்பதை நிறுத்தவில்லை.

"ரமாவோட மூச்சு ஒங்களுக்குத் தெரிஞ்சுது" என்றாள். "நான் மூணாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ. மளிகைச் சீட்டு எழுதவே ரமாவைக் கேக்கறவ. என்னால இங்கிலீஷ் எழுத்துல ஒரு வரி எழுத முடியுமான்னு ஒரு நாள் யோசிச்சேளா? பக்கத்துலயே எட்டு வருஷம் படுத்துண்டேள். என் மூச்சு ஒங்களுக்குத் தெரியலையே."

"தப்புதான். என்னை..."

"கோவமில்லை. அசதியா இருக்கு. பத்து நாள் இருந்துட்டு வரேன். யாரும் அனுப்பி நான் போகலை, நானாப் போறேன். நீங்களே வந்து கூட்டிண்டு வாங்கோ."

மறுநாள் காலை ஸ்டேஷனில் பனி இன்னும் கலையவில்லை. ரமா மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஜெயலக்ஷ்மி அவள் தலையைத் தடவி, "நோட்டு தீர்ந்துபோச்சுன்னா கோலார்லயே நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ. எழுது. ஒளிச்சு வெக்காதே" என்றாள்.

ஆராவமுதன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்றான். வண்டி ஊதியது. அவசர அவசரமாகக் கழுத்திலிருந்து மப்ளரை அவிழ்த்துக் கம்பிக்குள் நீட்டினான்.

"ஜெயம்... கால்ல சுத்திக்கோ. குளிரும்."

கழுத்துச் சூடு அதில் அப்படியே இருந்தது. இரண்டு வருஷம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அதை மடியில் வைத்துக்கொண்டு ஜோலார்பேட்டை வரைக்கும் அழுதாள்.