ஆடு எங்கே போனது?

ஸ்வாதி செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். கோடை விடுமுறை தொடங்கிய அன்று அப்பாவிடம், படிக்க ஒரு கதைப் புத்தகம் வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் அப்பா ராகவன் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அங்கே ஃபேனைப் போடுவதற்குக்கூட நாலு பேரிடம் கருத்துக் கேட்பார்கள். அவர் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், 'பத்து வயதுப் பெண்ணுக்கு ஊக்கமூட்டும் புத்தகம் சொல்லுங்கள்' என்று போட்டார்.

முதலில் பதில் போட்டவர் மேலாளர். 'விடியலில் எழு, வானத்தைத் தொடு' என்ற புத்தகம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்றார். மேலாளரின் வாழ்க்கை மாறியிருக்கும்போது மற்றவர்கள் வாழ்க்கை மாறாமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா? டீ ஆறுவதற்குள் அலுவலகம் முழுவதும் அதே புத்தகத்தைப் பரிந்துரைத்துவிட்டது.

அதோடு விட்டாரா அப்பா? அதை அப்படியே குடியிருப்புச் சங்கத்தின் குழுவுக்கும் அனுப்பிவைத்தார்.

கொரட்டூரில் அவர்கள் இருந்த அடுக்குமாடியின் பெயர் 'ஏரி தரிசனம்'. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் ஏரி கொஞ்சம் தெரியும். சங்கத் தலைவர் ஏகாம்பரம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி நடத்துபவர். செயலாளர் ஷோபனா, வீட்டில் சிறுதானிய பிஸ்கட் சுட்டு விற்பவர். ஆனால் விசிட்டிங் கார்டில் 'நிறுவனர்' என்று போட்டிருக்கும்.

இருவரும் கூடிப் பேசினார்கள். கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. அதற்கு ஒரு பூட்டும் வந்தது. 'சாதனையாளர்கள் பரிந்துரைக்கும் கோடை வாசிப்பு' என்று மேலே பலகை மாட்டினார்கள். உள்ளே வரிசையாகப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் அதைப் பரிந்துரைத்த சாதனையாளரின் புகைப்படம். ஆள்தான் வேறு வேறு. புத்தகம் எல்லாம் அதே ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அந்தப் புத்தகம் தன் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று ஒவ்வொரு பிள்ளையும் மைக்கில் பேச வேண்டும். அதற்காக ஆளுக்கொரு பிரதியும் கொடுத்துவிட்டார்கள். முதல் பேச்சு ஸ்வாதியுடையது. அவள் கேட்டதால்தானே இவ்வளவும்?

இதுகூடப் பரவாயில்லை. விழா முடிந்ததும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவதாக முடிவாகியிருந்தது. அதைத்தான் ஸ்வாதியால் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தப் பெட்டியில்தான் பிள்ளைகளின் கதைப் புத்தகங்கள் இருந்தன. பல வீடு சுற்றி வந்தவை. பாதிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. அதனால் பிள்ளைகள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பக்கம் கிழிவதற்கு முன்பே முடிவைப் படித்திருந்தவரின் பெயரை அட்டையின் உள்பக்கம் எழுதி வைப்பார்கள். 'முடிவு இல்லை. அஃப்ஷீனைக் கேட்கவும்' என்று இருந்தால், இரண்டாவது மாடி அஃப்ஷீன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து முடிவைச் சொல்லியாக வேண்டும்.

"இந்தப் பெட்டில ஊக்கமே இல்ல. வெறும் கதை" என்று சொல்லிவிட்டார் ஷோபனா.

சரி, ஊக்கத்தைத்தான் பார்ப்போமே என்று ஸ்வாதி புதுப் புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்தாள். கொட்டாவியோடு பாதிவரை வந்துவிட்டாள். அங்கே ஒரு பக்கம் இப்படி முடிந்தது: 'ஆகவே, விடியலில் எழுந்தவுடன் முதல் வேலையாக நீங்கள்...'

அடுத்த பக்கம் வெள்ளையாக இருந்தது. அதற்கடுத்ததும் வெள்ளை. மொத்தம் பதினாறு பக்கம் அச்சே ஆகவில்லை.

அஃப்ஷீனின் பிரதியைப் பார்த்தார்கள். அதிலும் அப்படியே.

"நம்ம ரூல்தான்டி இதுக்கும்" என்றாள் அஃப்ஷீன். "படிச்சவங்களைப் போய்க் கேளு. போட்டோ வேற ஒட்டியிருக்காங்க, தேடற வேலையே இல்ல."

ஸ்வாதி கேட்டாள். எழுந்தவுடன் முதல் வேலையாக வெந்நீர் குடிக்க வேண்டும் என்று மேலாளர் அப்பாவின் போனில் சொன்னார். இரண்டு கேழ்வரகு பிஸ்கட் சாப்பிட வேண்டும் என்றார் ஷோபனா. போனை சார்ஜரிலிருந்து எடுக்க வேண்டும் என்றார் அப்பா. ஒருவர்கூட, 'அந்த இடத்தில் பக்கமே இல்லையே' என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஏகாம்பரம் தனியாக நின்று அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்வாதி அருகில் போய் வெள்ளைப் பக்கங்களைத் திறந்து காட்டினாள்.

அவர் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தார். அவர் முகம், வீட்டுப்பாடம் செய்யாமல் வகுப்புக்கு வந்த பையன் முகம் போல ஆகிவிட்டது.

"இன்னாம்மா இது, நடுவுல ஒண்ணுமே காணோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மைக்ல இதச் சொல்லப் போறியா?"

சொல்லலாம்தான். ஷோபனாவின் முகத்தை நினைத்தபோது ஆசையாகவும் இருந்தது. ஆனால் எதிரில் நின்ற முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இல்ல அங்கிள். நடுவுல என்ன வருதுன்னு நீங்க சொன்னா, அதைச் சேத்துப் பேசிடுவேன்."

ஏகாம்பரம் துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார். "மேனேஜர் சொன்னாருன்னு உங்கப்பா சொன்னாரு. உங்கப்பா சொன்னாருன்னு நானும் சொன்னேன்" என்றார்.

ஸ்வாதி படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பெட்டியைக் கிளறி ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்தாள். 'ஆவடி ரயிலில் ஆடு.' ஆவடியில் ரயில் ஏறும் ஓர் ஆடு, அம்பத்தூர் வருவதற்குள் காணாமல் போய்விடும் கதை.

"தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுங்க அங்கிள்" என்றாள்.

நேற்றைய வடையைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார் ஏகாம்பரம்.

அன்று இரவு, அட்டைக்குள் இருந்த பெயரைப் பார்த்து, வீட்டை விசாரித்துக்கொண்டு போய் அவர் அஃப்ஷீன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. அவர்கள் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

விழா தொடங்கியது. கேட் அருகே பழைய பேப்பர்காரர் தராசோடு காத்திருந்தார். ஸ்வாதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்.

"நான் இன்னும் புத்தகத்தோட நடுவுலதான் இருக்கேன்" என்றாள் ஸ்வாதி. "அதைத் தாண்டினதும் சொல்றேன்." அவ்வளவுதான். இறங்கிவிட்டாள்.

ஷோபனா முறைத்தார். ஏகாம்பரம் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பிறகு மைக்கை வாங்கி, "சாதனை என்பது" என்று தொடங்கினார். அங்கேயே நிறுத்திவிட்டு முன்வரிசையைப் பார்த்தார்.

"இதுல யாரும்மா அஃப்ஷீன்?"

அஃப்ஷீன் எழுந்து நின்றாள்.

"அந்த ஆடு எங்கம்மா போச்சு? கடசிப் பக்கத்த எவனோ கிழிச்சுட்டான். எனக்குத் தூக்கமே இல்ல."

"கேட்டா சொல்லித்தான் ஆகணும் அங்கிள், அதான் ரூல்" என்றாள் அஃப்ஷீன். "ஆனா பெட்டில இருக்கற புக்குக்குத்தான் ரூல். இன்னைக்குப் பெட்டியே போகப் போகுதே."

ஏகாம்பரம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பேப்பர்காரரே, நீங்க கெளம்புங்க. பெட்டி இங்கயேதான் இருக்கும்" என்று மைக்கிலேயே சொன்னார்.

அஃப்ஷீன் மேடையேறி அவர் காதில் முடிவைச் சொன்னாள். ஏகாம்பரம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது.

"என்ன ஆச்சு? ஆடு எங்க போச்சாம்?" என்றார் ஷோபனா. கூட்டமே அதைத்தான் கேட்டது.

"படிச்சிட்டு வாங்க, சொல்றேன்" என்றார் ஏகாம்பரம்.

அடுத்த வாரம் அலமாரியின் பூட்டு போய்விட்டது. பெட்டியிலிருந்த புத்தகங்கள் எல்லாம் கண்ணாடிக்குள் குடியேறின. ஆட்டுப் புத்தகம் மட்டும் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தது. அதன் அட்டைக்குள் அஃப்ஷீன் பெயருக்குக் கீழே, 'அவள் ஊரில் இல்லாவிட்டால் ஏகாம்பரம், முதல் மாடி' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது.

கடைசியாக ஸ்வாதி 'விடியலில் எழு, வானத்தைத் தொடு' புத்தகத்தையும் எடுத்தாள். வழக்கம் என்றால் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே வழக்கம்தானே? அட்டையின் உள்பக்கம் அழகாக எழுதினாள்:

'நடுவில் பதினாறு பக்கம் இல்லை. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.'