நனையாத கையுறை

1937ஆம் ஆண்டு பிப்ரவரி பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, பெய்ப்சி ஏரிக்கரையில் இருந்த அக்செலின் வீட்டு அடுப்பில் சாம்பல்கூடக் குளிர்ந்திருந்தது. ஆயினும் அடுப்பின்மேல் கொடியில் தொங்கிய பழைய கம்பளிக் கையுறைகள் சூடாக இருந்தன. அவற்றின் அருகிலேயே, அவன் இரண்டாம் மனைவி மீத்தா அவனுக்காகப் பின்னிய புதிய சோடி கருவாடுபோல் விறைத்துக் கிடந்தது.

பழையவை அக்செலின் முதல் மனைவி ஹெல்மி அவனுக்காகப் பின்னியவை. மூன்று குளிர்காலங்களுக்கு முன், கை குளிர்கிறது என்று அவற்றை அவனிடமிருந்து அவளே கேட்டு வாங்கி அணிந்திருந்த நாளில், ஏரியின் மேல் உறைந்திருந்த பனித்தளம் அவள் காலடியில் உடைந்தது. அவன் குப்புறப் படுத்து அவள் கைகளைப் பற்றி இழுத்தான். கையுறைகள் மட்டுமே வந்தன. உடல் கிடைக்கவேயில்லை.

"என்னடி மீத்தா, செத்தவ பின்னினதுதான் இன்னும் உன் புருஷன் கையைச் சூடாக்குதா?" என்று அடுத்த வீட்டு யூலா நேற்றும் கேட்டிருந்தாள். "உனக்குப் பின்னத் தெரியலையா, புடிச்சு வைக்கத் தெரியலையா?"

மீத்தா புதிய சோடியைக் கணவனிடம் நீட்டினாள். "இன்னைக்காவது இதைப் போட்டுக்குங்க."

"உன்னோடது நனைஞ்சுடுது. விரல் விறைச்சா தூண்டில் கயித்தை எப்படிப் பிடிக்கிறது?"

"அது மட்டும் நனையாதாக்கும்?"

அவன் பழைய கையுறைக்குள் கையை நுழைக்கும்போது கண்களை மூடிக்கொண்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நண்பகலில், கரை மறையுமளவு மூடுபனி இறங்கி, ஏரி தன் அடிவயிற்றிலிருந்து முனகிக்கொண்டிருக்க, மீன்கோழையும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை மூக்கிலேறிய வேளையில், மீன்பிடிக்கப் பனித்தளத்தில் இரண்டாவது துளை வெட்டுவதற்காக அக்செல் கையுறைகளைக் கழற்றிச் சறுக்குவண்டியில் வைத்துவிட்டுச் சற்றுத் தொலைவு நடந்தான். உடன் வந்திருந்த மீத்தா அவற்றை ஈயக்குண்டோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி, முதல் துளைக்குள் இறக்கினாள். கயிறு ஓடியது. தளர்ந்தது.

பிறகு வெடுக்கென்று சுண்டியது.

பழக்கத்தில் இழுத்துவிட்டாள். கனத்தது. மேலே வந்தன, இரண்டு கையுறைகளும். உலர்ந்திருந்தன. உள்ளே வெறுமையாக இல்லை. ஒரு கட்டைவிரல் மடங்கியது. துளையின் விளிம்பைப் பற்றியது.

அவளது அலறல் கேட்டு அக்செல் ஓடிவந்தான். பார்த்தான். அன்று போலவே குப்புறப் படுத்தான்.

"வேணாங்க! தொடாதீங்க!"

"அன்னைக்குக் கையுறையோட பிடிச்சேன் மீத்தா. அதான் தப்பு."

அந்தக் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தான். உள்ளிருந்த வெறுங்கைகளைத் தன் வெறுங்கைகளால் பற்றினான். மேலே இழுக்கவில்லை. பனி ஓசையின்றி விலகியது. அவன் தலை நீருக்குள் போயிற்று. தோள். காலணிகள்.

ஊரார் மூன்று நாள் நீண்ட கோல்களை நீருக்குள் விட்டுத் தேடி, தேடலைக் கைவிடுவதென முடிவு செய்தார்கள். மீத்தா கைவிடவில்லை. நாள்தோறும் புதுப் பனியை உடைத்துத் துளையைத் திறந்தாள்; கையுறை அணியாத வலக்கையை முழங்கைவரை நீருக்குள் விட்டு, அவன் பெயரைச் சொல்லிக் காத்திருந்தாள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு கை அவள் கையைப் பற்றியது. சூடான கை. சிறியது. பெண்ணின் கை.

அதற்கும் கீழே, இருளில், அந்தப் பெண்ணின் மறு கையை அக்செல் பற்றியிருந்தான். அவன் கண்களை மூடியிருந்தான்.

பிடியை விடுவதில்லை என்று மீத்தா முடிவு செய்தாள்.