பெயரில்லாத நான்காவது

மாரிசெல்வி நூறு வரை எண்ணி முடித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியபோது இடையில் மூச்சு வாங்கவில்லை. ஜெபாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பகல் இரண்டரை மணி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில், மடியில் லேப்டாப்பும் காதில் போனுமாக அவள் தன் ஆராய்ச்சியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனி டவரிலிருந்து இன்னொரு கம்பெனி டவருக்கு, அங்கிருந்து எங்காவது ஒரு வை-ஃபைக்கு, அழைப்பு அறுபடாமல் தாவ வேண்டும். நான்கு வருட உழைப்பு. கல்லூரி லேபில் உட்கார்ந்து ஜூனியர் மாரிசெல்வி எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். எந்த எண் காணாமல் போகிறதோ அங்கே கோளாறு. வாயாடிக்கு ஏற்ற வேலை. நடுநடுவே, "தொண்டை காயுதுக்கா, வரும்போது ஒரு கலர் வாங்கிட்டு வாங்க" என்பாள்.

இன்று அப்படி எதுவும் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் எப்போதும் கேட்கும் லேப் ஃபேனின் கடகடப்பும் இல்லை. ஏதோ ஆழமான கிணற்றுக்குள் நின்று எண்ணுவதுபோல், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஈரமான ஓர் அமைதி.

ஜெபா திரையைப் பார்த்தாள். மில் சுவர் தாண்டியதும், எப்போதும் சிக்னல் செத்துப்போகிற இடத்தில், அழைப்பு அந்த இரண்டு டவரும் வை-ஃபையும் அல்லாத நான்காவது ஒன்றுக்குத் தாவியிருந்தது. அதற்குப் பெயர் இல்லை. எது பதில் சொன்னாலும் பிடித்துக்கொள், பெயர் கேட்டு நேரத்தை வீணாக்காதே என்று போன வாரம் நிரலை மாற்றியவள் அவளேதான். அட மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பையிலிருந்த இன்னொரு போனில் மாரிசெல்வியின் மெசேஜ் வந்தது.

"அக்கா, அறுபத்திரண்டு சொல்லும்போது என் சத்தம் நின்னுபோச்சு. வெந்நி குடிச்சுப் பாத்துட்டேன். கத்துனாலும் வெறுங்காத்துதான் வருது. பயமாருக்குக்கா."

காதில் அதே மாரிசெல்வி, "எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது" என்றாள்.

ஜெபாவின் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. நின்றது. இப்போது அழைப்பை வெட்டினால் அந்தப் பிள்ளையின் குரல் அங்கேயே தங்கிவிடும்.

பயம் போய்க் கோபம் வந்தது. "யாருலே நீ? அது அந்தப் பிள்ளையோடது. குடுலே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "ஏம்மா, வீட்டுச் சண்டைய வீட்ல வச்சிக்கிடக் கூடாதா?" என்றார் கண்டக்டர்.

"வாங்காம விடமாட்டேண்ணே."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய வேகத்தில் ராஜபாளையம் பஸ் ஏறினாள். லேபுக்குள் நுழைந்தால் அழைப்பு லேப் வை-ஃபைக்குத் தாவும். குரலும் கூடவே வந்தாக வேண்டும். வழிநெடுகத் திட்டினாள். எண்ணிக்கை தடுமாறவே இல்லை. பேட்டரி பதினொன்று. "குடுலே." எட்டு. தொண்டை கரகரத்தது. "குடுலே!" நான்கு.

கல்லூரி. படி. கதவு.

திரையில் அழைப்பு லேபுக்குத் தாவியது. காதில் எண்ணிக்கை நின்றது.

"அறுபத்திமூணு," என்றாள் மாரிசெல்வி, வீங்கிய கண்களோடு. பிறகு ஓவென்று அழுதாள். "வந்துருச்சுக்கா! ஏங்க்கா, நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கிய?"

ஜெபா வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

அழைப்பு மறுபடி பெயரில்லாததற்கே போயிருந்தது. போனுக்குள், வெகு ஆழத்திலிருந்து, ஜெபாவின் குரல் கத்தியது: "குடுலே! வாங்காம விடமாட்டேன்!" அதற்கும் பின்னால் வேறு வேறு குரல்கள், ஆணும் பெண்ணுமாக, ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அவள் வெட்டவில்லை. மேசையிலிருந்த பவர் பேங்கைப் போனில் செருகினாள். மாரிசெல்வி கையைப் பிடித்து இழுத்ததை உதறிவிட்டு, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, நரம்பு புடைக்க வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் அதைத் திட்டியபடி, மறுபடி அந்த மில் சுவருக்கே போக பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.