வாயில் வராத வார்த்தை

தடியனின் கண் கிண்ணத்தில்தான் இருந்தது. காதுகள் மட்டும் பின்னால் மடங்கி, சாத்திக் கிடந்த படுக்கையறைப் பக்கம் திரும்பியிருந்தன. அங்கே யாரும் இல்லை. கட்டிலைக்கூடக் கழற்றிச் சுவரில் சாய்த்தாகிவிட்டது.

எதைத் தின்னப் போகிறதோ அதன் எதிரே முன்னங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, அதையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பது அந்த நாயின் வழக்கம். எச்சில் நூலாக இறங்கித் தரையில் சொட்டும். இப்போதும் சொட்டியது. ஆனால் குனிந்து வாய் வைக்கவில்லை. அவர் மனைவி இறந்து ஆறு நாள். தடியன் வெறும் தண்ணீரில் கிடப்பதும் ஆறு நாள். எழுந்து நின்றால் அவர் தோளில் கால் போடுகிற உடம்பு அது, அதனால்தான் மனைவி அந்தப் பெயரை வைத்தாள். இன்றைக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம்.

நாய் டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

“உடம்புல ஒண்ணும் இல்லைங்க. சாப்பாட்டை மாத்திப் பாருங்க. கோழியை உப்பில்லாம வேக வெச்சு, பூசணி கொஞ்சம் மசிச்சுக் கலந்துக்கங்க. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. லேசா சூட்டோட வெச்சா வாசனை தூக்கும். இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா, இந்த வயசுக்குத் தாங்காது.”

“எத்தனை கிராம்?” என்று கேட்டார்.

டாக்டரம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “முதல்ல தின்னட்டும்ங்க.”

அவர் தராசு பழுதுபார்ப்பவர். நகைக்கடைத் தராசிலிருந்து லாரி எடைமேடை வரை அவர் கை படாதது இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘கிராம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குழம்புக்கு உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவார் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

டாக்டரம்மாவின் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்காக, அங்கே இருந்த பழைய தாளை உரித்தார். மனைவி படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது அது. கஞ்சி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், நூற்றிருபது கிராம். நான்கு மாதம் இம்மி பிசகாமல் அப்படியே கொடுத்தார். சத்தமாகக் கூப்பிடக் குரல் எழும்பாத மனைவி, பசித்தால் ஸ்பூனால் டம்ளரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கிண்ணம் காலியானதும், “இன்னும் கொஞ்சம்” என்பாள். அவர் “போதும்” என்பார். தினமும் அதேதான்.

உரித்த தாளின் பின்பக்கத்திலும் எழுதியிருந்தது. இந்த அளவு முதல் வாரத்துக்கு மட்டும். அதன் பிறகு பசிக்குத் தகுந்தபடி கூட்டிக் கொடுக்கவும்.

அழுகை வரும் என்று சற்று நேரம் அங்கேயே நின்றார். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை போல நெஞ்சு மரத்துக் கிடந்தது. பழைய தாளைத் திரும்ப ஒட்டி, அதன் மேலேயே புதியதை ஒட்டினார்.

கோழி வெந்ததும் எலும்பைத் தனியே எடுத்தார். பூசணியை மசித்தார். ஊட்டிப் பார்த்தார், விரலில் தடவி நீட்டிப் பார்த்தார். தடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலம் மச்சினி ஃபோன் செய்தபோது விஷயத்தைச் சொன்னார்.

“மாமா, யார் வெச்சாலும் அது தின்னாது. வெளியாள் யாராவது விஷம் கிஷம் வெச்சுடுவாங்கன்னு அக்கா பழக்கி வெச்சிருந்தா. ஒரு வார்த்தை சொன்னாத்தான் வாயை வைக்கும்.”

“என்ன வார்த்தை?”

“அது எனக்கும் சொல்லல. சாப்பாடு வெக்கிறவங்க யார் வாயிலயும் வராத வார்த்தைன்னு சொல்லிச் சிரிப்பா. உங்களுக்குத் தெரியாதா மாமா?”

தெரியாது. நல்லாயிருந்த காலத்தில் அவர் வேலைக்குப் போன பிறகு மனைவிதான் அதற்குச் சோறு வைப்பாள். படுத்த பிறகு, அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அதன் கிண்ணத்தை வைத்துவிடுவார். அதுபாட்டுக்குத் தின்னும். எப்போது தின்ன ஆரம்பிக்கிறது என்று அவர் கவனித்ததே இல்லை.

மறுநாள் காலை தரையில் மண்டியிட்டு, தெரிந்த வார்த்தையெல்லாம் சொன்னார். சாப்பிடு. தின்னு. எடுத்துக்கோ. ராஜா. கண்ணு. தடியனின் எச்சில் மட்டும் சொட்டியது. இந்த ஒன்றையாவது பட்டினி போட்டுக் கொல்லக்கூடாது. அவருக்கு இருந்த நினைப்பு அது ஒன்றுதான். சூடு ஆறிவிட்டதால் புதிதாக வைக்கலாம் என்று தராசையே தரையில் இறக்கி, அதன் மேல் கிண்ணத்தை வைத்து, ஒவ்வொரு துண்டாகப் போட்டார். இருநூற்றெண்பது. இருநூற்றுத் தொண்ணூறு. முந்நூறு வந்ததும் வழக்கம்போல வாய் தானாகச் சொன்னது.

“போதும்.”

தடியனின் தலை கிண்ணத்துக்குள் இறங்கியது. மென்றுகூடப் பார்க்கவில்லை. தராசின் எண்கள் குலுங்கிக் குலுங்கிக் குறைந்தன.

காத்திருந்தது போதும் என்ற அர்த்தத்தில் மனைவி அதைப் பழக்கியிருக்க வேண்டும். சந்தோஷப்படத்தான் நினைத்தார். அதற்குள் இன்னொன்று புரிந்துவிட்டது. நான்கு மாதமும் அவர் மனைவியிடம் “போதும்” என்ற நொடியில்தான் இது தின்றிருக்கிறது. அவள் அரை வயிற்றோடு படுத்துக்கொண்டு, வயிறு முட்டத் தின்கிற நாயைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று மதியம், நல்ல வெயில் நேரத்தில், கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு லேசாக அடிப்பிடித்த கஞ்சியின் வாசனை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து வைத்தபடி காய்ந்திருந்தன. தடியனின் கிண்ணத்தை நிரப்பித் தரையில் வைத்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். வெளியே தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்து, தடியனின் நகங்கள் தரையில் பட்டுக்கொண்டு நிதானமாக நெருங்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

தடியன் கிண்ணத்தைத் தாண்டி வந்தது. அவர் எதிரே உட்கார்ந்தது. முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது.

“கிண்ணம் அங்க இருக்குடா,” என்றார்.

அது அவரையே பார்த்தது. அவர் கழுத்தை. வைத்த கண் வாங்காமல். எச்சில் நூலாக இறங்கி அவர் பாதத்தில் விழுந்தது. சூடாக இருந்தது. காதுகள் இரண்டும் பின்னால் மடங்கின.

படுக்கையறையில் ஸ்பூன் டம்ளரைத் தட்டியது. இரண்டு தட்டு.

அவர் எழப் பார்த்தார். தடியனின் தொண்டைக்குள் உறுமல் கேட்டது. உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாக ஒன்றும் தோன்றாமல் மரத்துக் கிடந்த உடம்பில், முதன்முதலாகப் பயம் வந்தது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அந்த எழும்பாத குரல்.

“இன்னும் கொஞ்சம்.”

நான்கு மாதப் பழக்கம். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சொல்லக்கூடாது. சொல்லாதவரை ஒன்றும் ஆகாது.

“இன்னும் கொஞ்சம்.”

சொல்லவில்லை. பல்லைக் கடித்தார். தடியன் அசையவில்லை. எச்சில் மட்டும் சொட்டியது.

மூன்றாவது முறை குரல் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. வெகு நேரம். கதவுக்குக் கீழே இருந்த வெளிச்சக் கோட்டை, உள்ளே நின்ற இரண்டு பாதங்கள் மறைத்தன.

பிறகு, மிகவும் அன்பாக, அவள் சொன்னாள்.

“போதும்.”

தடியன் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது.